ஊடாகவும் மேலாகவும்

இலங்கையின் அரச சேவையில் ஒருவர் தம் மேலதிகாரியைப் பற்றி முறையிட விரும்பினால், அம்முறைப்பாட்டை அந்த மேலதிகாரியின் கையாலேயே மேலே அனுப்புவிக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கமாகும். கடிதத்தின் தலைப்பில் பெறுநரின் பெயருக்குக் கீழே இடப்படும் ‘ஊடாக’ என்னும் வரி இதனையே குறிக்கிறது. குறுமண்வெளியிலிருந்து பாதையேறி, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் வாவிக்கு அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறி, மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கச் செல்லும் ஆசிரியர், பாதை பிந்திய நாளொன்றில் வரவுப் பதிவேட்டில் 7.30க்கு இழுக்கப்பட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட நேர்ந்து மனம் நொந்தால், வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தை, கோட்டை இழுத்த அதிபரிடமே கொடுத்துச் சிபாரிசும் ஒப்பமும் பெற வேண்டும். அதிபர்களின் மேசை லாச்சிகள் ஆழமானவை.

ஆகவே பெட்டிசம் பிறக்கிறது. ‘ஊடாக’ என்ற வரியைத் துறந்த முறைப்பாடே பெட்டிசம்; எழுதியவரின் பெயரையும் துறந்துவிட்டால் அது மொட்டைப் பெட்டிசமாகிறது. இதன் உயிர் உள்ளடக்கத்தில் அன்று, அடியிலுள்ள பிரதிப் பட்டியலிலேயே தங்கியுள்ளது: திருகோணமலையிலுள்ள மாகாணக் கல்விப் பணிப்பாளரில் தொடங்கி, ஆளுநர், மனித உரிமைகள் ஆணைக்குழு என ஏறி, ஜனாதிபதியில்தான் அது களைத்து நிற்கும். பெயரை மறைத்தவர், “கடமையுணர்ச்சி மிக்க ஆசிரியர் ஒருவர் பாதை பிந்தியதால் அவமானப்படுத்தப்பட்டார்” என்று எழுதாமல் இருக்கமாட்டார். அப்பாடசாலையில் பாதையேறி வருபவரோ ஒரேயொருவர்.

நாடும் இவ்விடயத்தில் ஒருகாலத்தில் ஆசிரியரை விட மேலானதாக இருக்கவில்லை. நிர்வாகத்தின் அநீதிகளை விசாரிக்கவென 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட பாராளுமன்ற ஆணையாளரிடம் பொதுமக்கள் நேரே செல்ல முடியாதிருந்தது. பாராளுமன்றத்தின் பொதுமனுக் குழுவின் ஊடாகவே செல்ல வேண்டியிருந்த அந்நிலை, 1994இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே மாறியது.

மேலே சென்ற பெட்டிசம் அங்கேயே தங்கிவிடுவதுமில்லை. கொழும்பு மாகாணத்திடமும், மாகாணம் வலயத்திடமும், வலயம் அதிபரிடமும் அறிக்கை கோர, கோவை பருத்துப் பாதையேறிப் பாடசாலைக்கே வந்து சேர்கிறது. அறிக்கை எழுதும் கலை எல்லா அதிபர்களுக்கும் வாய்ப்பதில்லையாதலால், அவர் கோவையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து, பாதையேறி வருபவரின் முன்னே வைத்து, மிகுந்த மரியாதையுடன் கேட்பார்: “சேர், இதுக்கு ஒரு பதில் எழுதித் தாங்கோவன்; உங்களுக்குத்தானே விபரமெல்லாம் தெரியும்.”