தூங்குமூஞ்சி மரத்து ஜோசியம்

வாடா பேராண்டி, உட்காரு. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு சக்குரா பார்க்க ஜப்பான் போறியாமே. போ, போ. நீ எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்னு அந்த மரத்துக்கிட்ட யாராச்சும் சொல்லி விட்டாங்களா? கியோட்டோவுல 2021-ல மார்ச் 26-க்கே முழுசாப் பூத்துருச்சு. ஆயிரத்து இருநூறு வருசத்துக் கணக்குல அதுவரைக்கும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லையாம். பனியில குளிரை வாங்கி முடிச்சு, வெயில் ஏறினா அவிழுற ஜாதி அது. ஏப்ரல் நடுவுல போய் இறங்கினவன் வெறும் தழையைப் படம் எடுத்துட்டு வந்திருப்பான்.

நம்ம ஊர்ல ஏது வசந்தம்னு இளக்காரமாக் கேட்பே. தோட்டத்துல பொறந்திருந்தா கேட்டிருக்க மாட்டே. தைப்பூசத்துக் காவடியை இறக்கி வச்ச கையோட பால்மரம் இலையைக் கொட்ட ஆரம்பிச்சுரும். பிப்ரவரி, மார்ச்சுல நிரை பூரா மொட்டை. நடந்தா காலுக்கடியில அப்பளம் நொறுங்குற சத்தம். அப்புறம் செம்பு நிறத்துல தளிர், கூடவே வாசமா பொடிப்பொடி மஞ்சப் பூ. மங்குல பால் சொட்டாது. மரம் பூத்ததுக்கு நாங்கதான் காரணம்னு தண்டல் எங்களைத் திட்டுவாரு.

உன் காண்டோ வாசல் டெகோமா மரமும் அப்படித்தான். சில வாரம் மழை பொய்க்கணும், தாகத்துல இலையை உதிர்க்கணும், அப்பத்தான் ரோஸ் பூ. தினமும் தண்ணி ஊத்திச் செல்லம் கொடுத்தா தழைதான் மண்டும். உங்கம்மா உன்னை வளர்த்த மாதிரி.

கிட்ட வா, ஒரு ரகசியம் சொல்றேன். ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்துக் கிளையில புறா ஆர்க்கிட் தொத்திக்கிட்டு இருக்குமே, பார்த்திருக்கியா? பார்த்திருக்க மாட்டே, போனை விட்டுத் தலையைத் தூக்குறவனா நீ? மொட்டை அரைகுறையா வச்சுட்டு அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். ஒரு நாள் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோட கொட்டி, வெக்கை சட்டுனு அஞ்சாறு டிகிரி இறங்கினா முழிச்சுக்கும். மறுநாள்லேருந்து எண்ணு. ஒன்பதாம் நாள் விடியக்காலம் தெரு பூரா ஒரே நேரத்துல வெள்ளைப் புறா! வாசம் மூக்கைத் துளைக்கும். இருட்டுறதுக்குள்ள துவண்டுரும். ஒரு நாள் ஆயுசுதானே, எல்லாம் சேர்ந்து பூத்தாத்தான் தேனீ செடி விட்டுச் செடி தாவும். தனியாப் பூத்தா மாப்பிள்ளை வராத கல்யாணம்தான்.

இதை வச்சுத்தான் கிள்ளான் தே கடையில வருசக்கணக்காப் பந்தயம் ஜெயிக்கிறேன். கண்ணை மூடிக்கிட்டு, விரலை மடக்கி, "வெள்ளிக்கிழமை பூக்கும்"னு முணுமுணுக்கணும். மழையைப் பத்தி மட்டும் வாயே திறக்கக் கூடாது.

ஒரே ஒரு தடவை மானம் போச்சு. கிள்ளான் மழையை நம்பி பிரிக்பீல்ட்ஸ்ல போய் பந்தயம் கட்டிட்டேன். அங்க அன்னைக்கு ஒரு துளிகூட விழலை! உனக்கு அது ஒரு மணி நேர ரயில், ஆர்க்கிட்டுக்கு வேற நாடு. ஏழு பேருக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். வழியில கிளி ஜோசியரோட கிளிகூட என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

நேத்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்க கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அடுத்த வாரம் வியாழக்கிழமை விடியறதுக்கு முன்னாடி வந்துரு. பந்தயம் கட்டியாச்சு, உன் பேர்ல.