சும்மா கிடைத்த ஒரு வருடம்

எல்லவில், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலுக்காகக் காத்து நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளையிடம் கேட்டால், "கேப் இயர்" என்று சொல்லும். படிப்புக்கு நடுவே ஊர் பார்க்க ஒரு வருடம். அதற்குக் காசு சேர்க்க வேண்டும், வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். பாவம்.

நம் பதுளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமமே இல்லை. அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்கு உரியது 2023 ஜனவரியில். 2023க்கு உரியது 2024 ஜனவரியில். (கொரோனா மேல் பழி போட்டோம். அது போன பிறகும் நாட்காட்டிக்கு இருமல் உடனே நிற்கவில்லை.) பிறகு பெறுபேறு, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி. அதற்குள் லயத்து வாசலில், "ஏன் புள்ள, இன்னும் கடுதாசி வரலியா?" என்று கேட்காத ஆள் பாக்கி இருக்காது.

பதுளை பின்தங்கிய மாவட்டம். அப்படிப்பட்ட 16 மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக இடங்களில் ஒதுக்கிய 5 சதவீதத்தில் நமக்கும் பங்குண்டு. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குள்ளேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைக்கு இடம் விழுவது என்னவோ தூரத்து ஒலுவிலில்.

ஒருவழியாகப் படிக்கப் புறப்படும்போது பாதிப் பாடம் மறந்திருக்கும், கொழுந்தெடுக்கக் கை பழகியிருக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். இந்த வருடத்துப் பரீட்சையை அடுத்த வருடம் வைத்தவர்களுக்கு முழுப் பேர் போட்ட கணக்கப்பிள்ளை யாரோ!