பிரெஞ்சுக்காரன் காத்திருக்கட்டும்

கேள்வி: துறைமுக உரிமைக்காக ஒரே நாட்டு ஊர்கள் போரே நடத்தியதுண்டா?

பதில்: உண்டு. அதுவும் ராஜாவின் கப்பற்படைக்குள்ளேயே!

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மவுத். அந்நாளில் இலையுதிர் காலத்தில் அங்கே ஹெர்ரிங் மீன் சந்தை களைகட்டும். தென்கிழக்கே டோவர், ஹேஸ்டிங்ஸ் முதலிய ‘ஐந்து துறைமுகங்கள்’ ஆண்டுக்கு 15 நாள், 57 கப்பல்களை மன்னருக்குக் கூலியில்லாமல் அனுப்பி வந்தன. கைம்மாறாகக் கிடைத்த சலுகைகளில் ஒன்று, யார்மவுத் மணலில் வலை உலர்த்தி, மீன் விற்று, சந்தைக்கு நாட்டாமையும் செய்வது. ஊர் உங்களுடையது, நாட்டாமை வெளியூரான் என்றால் எந்த ஊர் பொறுக்கும்?

1297இல் முதலாம் எட்வர்ட், பிரான்சை எதிர்க்க ஃபிளாண்டர்ஸுக்குப் படையோடு போனார். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் படையிலிருந்த யார்மவுத் கப்பல்களும் ஐந்து துறைமுகக் கப்பல்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டன. யார்மவுத் கப்பல்கள் பல எரிந்தன. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஓர் அம்புகூடச் செலவில்லை.

அதற்காக யார்மவுத்தைப் பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். 1372இல் அண்டை ஊரான லோஸ்டாஃப்டை ஒட்டிய கடற்பகுதியைச் சாசனம் வாங்கித் தன் அதிகாரத்துக்குள் சேர்த்துக்கொண்டது. மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டுவது போல! அந்தத் தகராறு தலைமுறை தலைமுறையாக ஓடியது. ஹெர்ரிங்குக்குத்தான் பருவம் உண்டு, வழக்குக்கு இல்லை.