சலவை மெஷின் ஒரு தேயிலை ஸ்டோரே: ஊவாவிலிருந்து ஒரு நிறுவல்

சலவை மெஷினை வீட்டுச் சாமான்களின் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறது உலகம். அப்பிழையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். பதுளைக்கு மேலே ஒரு தோட்ட லயத்தின் இஸ்தோப்பில், இரட்டைத் தொட்டி மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு உண்மை புலப்படும். வாட்டி, உருட்டி, நிறமேற்றி, காயவைத்து, தரம் பிரிக்கும் சின்னத் தேயிலை ஸ்டோர் அது.

முதலாவது, வாட்டல். ஸ்டோரில் கொழுந்தை வாடப் போடும்போது ஏறக்குறையப் பாதி ஈரம் போகும். அழுக்குத் துணியை மூலையில் குவித்து ஞாயிறு வரை காக்க வைப்பது இதற்கு நேர். வேறுபாடு ஒன்றே: கொழுந்துக்கு அடியிலிருந்து காற்று ஊதுவார்கள், துணிக்கு ஊதுவாரில்லை. ஆகவே கொழுந்து மணக்கிறது. மலையில் நனைந்து வந்த சட்டையோ பூஞ்சணம் பூத்துக் கரும்புள்ளி வைக்கிறது. ஈரத் துணியைக் கொடியில் விரித்துவிட்டுப் பிறகு கூடையில் போடுகிறவர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

அடுத்தது உருட்டல். ரோலரில் இலையின் கலங்கள் உடைந்து சாறு கசியும். அதில் ஒட்சிசன் பட்டதும் பொலிபீனோல்கள் பழுப்பாகும். கோப்பைக்கு நிறம் தருவதும், கொழுந்து பறிக்கிறவரின் சட்டைக் கையில் கறை வைப்பதும் இதே இரசாயனம்தான். மலையிலேயே, கூலி ஏதும் பெறாமல், துணி தன் பங்குக்குத் தேயிலை உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறது என்பது இதனால் பெறப்படும்.

இக்கறைக்குத் துணை போவது இரும்பு. முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுத்து மை காய்ச்சினார்கள். துருப்பிடித்த குழாய்த் தண்ணீரில் தேயிலைக் கறைத் துணியை ஊறவைப்பவர் அதையேதான் செய்கிறார், எழுதத்தான் எதுவுமில்லை. அவசரத்தில் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் துரு மஞ்சளாக இன்னும் அழுந்தும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டு அலசினால் துரு இளகும். சாயத் துணியில் மட்டும் முதலில் ஓரத்தில் தடவிப் பார்க்க வேண்டும்.

கறைகளுள் அரசன் அட்டைக் கறை. அட்டை கடித்துக் கழன்ற பிறகும் அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது; ஆகவே கால்சட்டை நனைவது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தொடரும். கற்றவர்கள் உடனே சுடுதண்ணீர் தேடுவார்கள். எங்கள் அம்மாயியின் கொள்கை வேறு: “பச்சத் தண்ணியில போடுடா. சுடுதண்ணி ஊத்துனா ரெத்தம் வெந்து ஒட்டிக்கும்.” முட்டை வேகும்போது நிகழ்வதுதான் இங்கேயும் நிகழ்கிறது. இரத்தத்திலும் முட்டையிலும் உள்ளது புரதம்; அந்தச் சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. இத்துறையில் நான் மதிக்கும் ஒரே முன்னாய்வாளர் அவரே.

மாரியம்மன் திருவிழாவில் மஞ்சத்தண்ணி பட்ட வெள்ளை வேட்டி தனி வகை. சவர்க்காரம் பட்டதும் அது செக்கச் சிவந்து, பார்ப்பவரைக் கொலை வழக்கு வரை யோசிக்க வைக்கும். பதற வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும், நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும், வெயிலில் வெளுக்கும்.

2022 மார்ச் இறுதியில், 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாளில், எங்கள் மெஷின் விருப்பமில்லாமலே ஒரு சோதனை நடத்தியது. பள்ளிச் சீருடையும் புதுச் சிவப்புச் சேலையும் ஒரே தொட்டியில் இருள் முழுக்க ஊறின. முடிவு: இளஞ்சிவப்புச் சீருடை. கரண்ட் போனதும் துணியைப் பிரித்து எடுக்க வேண்டும் என்ற விதி அன்று எழுதப்பட்டது. கம்பளியை மட்டும் தனியே ஸ்பின்னரில் ஒருபக்கமாகத் திணிக்கக் கூடாது என்ற விதி அதற்கும் மூத்தது. அப்படித் திணித்த ஒருநாள் மெஷின் இஸ்தோப்பின் விளிம்பு வரை நடந்துபோனது. சலவைத் தூளை அள்ளிப் போடுகிறவருக்கு ஒரே வார்த்தை: பாதி.

உலர்த்தல்தான் இக்கோட்பாட்டின் உச்சம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலை தாண்டி வரும் கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனை ஏறுகிறது. அதே காற்றில் கொடியிலுள்ள சேலை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் காய்ந்துவிடும். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்றது தமிழ் இலக்கணம். அதே ஐப்பசி முதல் தை வரைதான் பதுளையில் மழையும் மூட்டமும். குறிஞ்சியின் உரிப்பொருளில் உலராமையைச் சேர்க்காமல் விட்டது இலக்கணக்காரர்களின் குறை. அம்மாதங்களில் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியே நமது டிரையர். அதில் காய்ந்த சட்டைக்குப் புகை மணம் உண்டு. தேயிலையில் அந்த மணத்தைக் கண்டால் ருசி பார்ப்பவர் கோப்பையைத் தள்ளிவைப்பார். சட்டையைப் போட்டுக்கொண்டு நாம் பதுளை பஸ் ஏறுகிறோம்.

தரம் பிரிப்பும் எளிது. முழுதாக வெளிவரும் வேட்டி ஓ.பி. பொத்தான் போன சட்டை பி.ஓ.பி.எஃப். வடிகட்டிப் பையில் தேங்கும் பஞ்சு, ஐயமின்றி டஸ்ட். அப்பையை வாரம் ஒருமுறை கொட்டாதவரின் கறுப்புக் கால்சட்டை மேல் அதே டஸ்ட் மறுபடி வந்து அமரும்.

இந்நிறுவலை மறுக்க விரும்புவோர் ஐப்பசியில் வெள்ளைச் சட்டையோடு வருக. மாற்றுச் சட்டையும் கொண்டு வரவும். எங்களுடையது மூன்றாம் நாளாகக் கம்பியில் கிடக்கிறது.