குப்பைத்தொட்டி ஜோசியம்

பேஸ்பால் மட்டையாளர்களைப் பற்றிய ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம்: அவர்கள் பந்தைப் பார்த்து அடிப்பதில்லை. பார்க்க நேரம் கிடையாது. பந்து வீசும் பிட்சருக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசினால் பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 வினாடி. மட்டையைச் சுழற்றவே அதில் 0.15 வினாடி போய்விடும். மிச்சமுள்ள கால் வினாடிக்குள் இது நேராக வருமா, வளையுமா, கடைசியில் காலடியில் விழுமா, அடிப்பதா, விடுவதா என்று அத்தனையும் முடிவாக வேண்டும்.

ஆக, அங்கே நடப்பது ஜோசியம். பிட்சரின் தோளையும் மணிக்கட்டையும் நோட்டம் விட்டு, போன பந்தை நினைவில் வைத்து, வரப்போவதைக் கணிக்கும் வித்தை. பத்துக்கு மூன்று பலித்தால் நட்சத்திரம், கோடீஸ்வரர். பத்துக்கு ஏழு பொய்க்கும் ஜோசியரை நம்மூரில் யாரும் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள்.

இந்த விளையாட்டில் ஆதிமுதல் இரண்டே கட்சி. வரப்போவதை எப்பாடுபட்டாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் கட்சி ஒன்று. தெரியாவிட்டால் வாயையும் மட்டையையும் மூடிக்கொண்டு நிற்கும் கட்சி இன்னொன்று. முதல் கட்சிக்குக் கோப்பை கிடைத்தது. இரண்டாவது கட்சிக்கு வெகுகாலம் வசவுதான் கிடைத்தது.

ஆரம்பத்தில் ஜோசியமே தேவைப்படவில்லை. 1886 வரை மட்டையாளர் ‘மேலே போடு’, ‘கீழே போடு’ என்று கேட்கலாம். பிட்சர் அங்கேதான் போட்டாக வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்து ‘நெய் ரோஸ்ட், முறுகலாக’ என்று சொல்வதுபோல. அதற்கும் முந்தைய காலத்தில் இன்னும் சுகம். பிடித்த பந்து வரும்வரை அசையாமல் நின்றாலும் கேட்பாரில்லை. பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் 1858இல், நல்ல பந்தை வேண்டுமென்றே விட்டால் ‘ஸ்ட்ரைக்’ என்று அறிவிக்க அம்பயருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். மட்டையாளர் திருந்தினார், பிட்சர் கெட்டுப்போனார். எட்டாத பந்தாகப் போட்டு உயிரை வாங்கினார். சரி, அதற்கும் ‘பால்’ என்று ஒரு கணக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் முதல் பேஸுக்கு ஹாயாக நடந்து போகலாம் என்று வைத்தார்கள். அதுதான் ‘வாக்’. 1879இல் இந்த நடைப்பயணத்துக்கு ஒன்பது ‘பால்’ தேவைப்பட்டது. பேரம் பேசிப் பேசி 1889இல் நாலுக்குப் படிந்தது. நடுவில் 1887இல் மட்டும், நடந்து போனவரையும் அடித்தவராகவே கணக்கில் எழுதினார்கள். ஊரிலுள்ள அத்தனை பேர் சராசரியும் வீங்கியதைப் பார்த்துப் பயந்து, மறுவருடமே விட்டுவிட்டார்கள்.

பொறுமைசாலிகளின் வயிற்றில் அடித்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து, பேஸ்பாலுக்குத் தாவிய பத்திரிகையாளர். ஸ்கோர் அட்டவணையை வளர்த்தெடுத்த புண்ணியத்தால் ‘பேஸ்பாலின் தந்தை’ ஆனவர். தந்தைக்குரிய பிடிவாதமும் இருந்தது. வாக் என்பது பிட்சர் செய்த பிழை, மட்டையாளருக்கு அதில் என்ன பெருமை என்பது அவர் கட்சி. வைடு போனால் பேட்ஸ்மேன் கணக்கிலா ரன் ஏறுகிறது? கிரிக்கெட் மூளைக்கு இது நியாயம்தான். ஆனால் அதன் பலனாக, கெட்ட பந்தைத் தீண்டாமல் நின்றவருக்குப் பல தலைமுறைகளாக மதிப்பெண் பூஜ்யம். பேட்டிங் சராசரியைப் பொறுத்தவரை அவர் அன்றைக்கு மைதானத்துக்கே வரவில்லை.

நிற்பதற்கு மரியாதையில்லை, கேட்டு வாங்கும் உரிமையும் போயிற்று என்றால் மனிதன் என்ன செய்வான்? திருடுவான். எந்தப் பந்து போடுவது என்று, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவே விரல்காட்டிப் பிட்சருக்குச் சொல்வார். அந்த விரலைப் படித்துவிட்டால் ஜோசியம் எதற்கு? 1900இல் பிலடெல்பியா பில்லீஸ் அணியின் மாற்று கேட்சர் மார்கன் மர்ஃபி ஆட்டத்தில் இறங்காமல், மைதானத்தின் கோடியில் பைனாகுலரோடு குடியேறினார். அங்கிருந்து பூமிக்கடியில் ஒயர். மறுமுனை, மூன்றாம் பேஸ் பக்கம் பயிற்சியாளர் நிற்கும் இடத்துக்குக் கீழே. அங்கே நின்ற பியர்ஸ் சைல்ஸின் காலில் ‘விர்ர்’ என்று அதிர்வு வரும்; அவர் மட்டையாளருக்குச் சாடை காட்டுவார். சைல்ஸின் கால் மட்டும் ஏன் அப்படித் துடிக்கிறது என்று யாராவது யோசிக்காமலா இருப்பார்கள்? செப்டம்பர் 17 அன்று சின்சினாட்டியின் டாமி கோர்கரன் அந்த இடத்துக்குப் போய்த் தன் ஷூ ஆணிகளால் மண்ணைக் கிளற ஆரம்பித்தார். உள்ளே பலகை. பலகைக்கடியில் ஒயர். மின்சாரம் எட்டிப்பார்க்காத வீடுகள் அமெரிக்காவில் ஏராளமாக இருந்த காலத்தில், பேஸ்பால் திருட்டுக்கு மட்டும் கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது.

நிற்கும் கட்சிக்கு ஒரு தலைவர் வந்தது பிறகுதான்: பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். ‘அடிக்கத் தோதான பந்துக்குக் காத்திரு’ என்று பழைய நட்சத்திர மட்டையாளர் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி சொன்ன புத்திமதியை இந்த ஆசாமி வேதமாகவே எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்றுச் சுமார் பத்தாண்டு கழித்து வெளியிட்ட புத்தகத்தில், நல்ல பந்து என்று எண்ணப்படும் ‘ஸ்ட்ரைக்’ எல்லையை 77 பந்துகள் அடுக்கிய கட்டமாக வரைந்து, எந்த இடத்துப் பந்தைத் தொட்டால் என்ன சராசரி தேறும் என்று எழுதினார். நடுவில் 0.400. கீழே வெளி மூலையில் 0.230. அந்த மூலைப் பக்கம், வேறு வழியில்லாதபோது தவிர, தலைவைத்துப் படுக்காதே என்பது சாரம். 1941இல் 147 தடவை நடந்தார். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆனது 27 தடவைதான். பாஸ்டன் பத்திரிகைகளுக்கோ வயிற்றெரிச்சல்: ஓரத்தில் போகும் பந்தையாவது எட்டி அடித்து அணிக்கு ரன் சேர்க்கக் கூடாதா, இந்த மனிதருக்கு ஏன் இந்த ஆசாரம்?

அந்த வருடத்தின் கடைசி நாள் விடிந்தபோது அவர் சராசரி 0.39955. முழுமையாக்கினால் 0.400. ஆடாமல் பெஞ்சில் இருந்தாலே சரித்திரம். நிற்கத் தெரிந்தவருக்கு உட்காரத் தெரியவில்லை. பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து, 0.406இல் முடித்தார்.

1951இல் இரண்டு கட்சியுமே உச்சத்தைத் தொட்டன. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் முதலாளி பில் வீக், அணியைத் தேற்ற முடியாவிட்டால் கூட்டத்தையாவது சேர்ப்போம் என்ற கொள்கை உடையவர். ஆகஸ்ட் 19 அன்று எடி கெடல் என்பவரை மட்டையோடு அனுப்பினார். உயரம் 3 அடி 7 அங்குலம். முதுகில் எண் 1/8. அம்பயர் அதிர்ந்துபோய் விசாரிக்க, மேனேஜர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். சட்டம் சுத்தமாக இருந்தது. கெடலுக்கு முதலாளி இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மட்டையை அசைக்காதே, அசைத்தால் கூரையில் துப்பாக்கியோடு ஆள் இருக்கிறான். பிற்பாடு வீக்கே சொல்லித்திரிந்த கதை இது. டெட்ராய்ட் கேட்சர் முழந்தாளிட்டு இறங்கிப் பார்த்தார். பிட்சர் பாப் கேன் சிரித்தபடி போட்ட நாலு பந்தும் தலைக்கு மேலே. கெடல் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார், மாற்று ஓட்டக்காரர் வந்தார், கூட்டம் கூரையைப் பிய்த்தது. லீக் தலைவர் மறுநாளே தடை போட்டார். இதனால் கெடல், ஒரே ஒரு முறை மட்டை பிடித்து, அந்த ஒரு முறையும் பேஸ் ஏறியவர் ஆனார். டெட் வில்லியம்ஸுக்கே வாய்க்காத நூற்றுக்கு நூறு.

அதே கோடையில் நியூயார்க் ஜயன்ட்ஸ் மைதானத்தின் கோடியில், கிளப் ஹவுஸ் ஜன்னலில், ஒரு தொலைநோக்கி முளைத்தது. அங்கிருந்து மணி ஒயர், ஒயரின் மறுமுனையிலிருந்து மட்டையாளருக்குச் சாடை. ஆகஸ்ட் 11இல் முதலிடத்துக்குப் பதின்மூன்றரை ஆட்டம் பின்தங்கியிருந்த அணி கடைசி 44இல் 37ஐ ஜெயித்தது. அக்டோபர் 3 அன்று அந்த அணியின் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னை அமெரிக்கா கண்ணீர் மல்கக் கொண்டாடியது. ஒயர் விவகாரம் 2001இல்தான் முழுசாக அம்பலமானது. அந்த ஒரு பந்துக்கு மட்டும் சாடையைப் பார்க்கவில்லை என்று தாம்சன் மறுத்தார். நம்புவோம், வேறு வழி?

இரண்டு கட்சியிலும் சேராத சுயேச்சைகளும் உண்டு. யோகி பெர்ரா கண்ணுக்கு நேரே வந்தாலும் கணுக்காலுக்கு வந்தாலும் அடிப்பார். 1950இல் ஸ்ட்ரைக் அவுட் ஆனது வெறும் 12 தடவை. விளாடிமிர் கெரேரோ 2009இல் தரையில் குத்தி எழும்பிய பந்தையே அடித்துப் பேஸ் ஏறினார். இவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் நோட்டை மூடிக்கொண்டு போயிருப்பார்கள்.

பொறுமைக்கு அதிகாரபூர்வ மரியாதை வந்தது, வாக்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஆன்-பேஸ்’ விகிதம் பதிவேட்டில் ஏறிய 1984இல்தான். சாட்விக் போட்ட பூட்டைத் திறக்க அவ்வளவு காலம். 2002இல் காசில்லாத ஓக்லாந்து அணி, பிறர் சீந்தாத பொறுமைசாலிகளை மலிவாகப் பொறுக்கிச் சேர்த்து 20 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும், அதுவரை சோம்பேறித்தனமாக இருந்தது திடீரென்று விஞ்ஞானமாகிவிட்டது. 2004இல் அதிரடி மட்டையாளர் பாரி பாண்ட்ஸைக் கண்டு நடுங்கிய பிட்சர்கள் அவரை 232 முறை நடக்கவிட்டார்கள். 120 முறை வேண்டுமென்றே.

இத்தனை விஞ்ஞானத்துக்குப் பிறகும் திருட்டுக் கட்சி திருந்தவில்லை. 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கேமரா வைத்து கேட்சரின் விரலைத் திரையில் பார்த்தார்கள். செய்தியை மட்டையாளருக்கு எப்படிச் சேர்ப்பது? விண்வெளி ஆய்வு மையம் இருக்கும் ஊர். அவர்கள் கண்டுபிடித்த கருவி: குப்பைத்தொட்டி. தட்டினால் வேகம் குறைந்த பந்து. மௌனம் என்றால் வேகப்பந்து. கோப்பையும் வென்றார்கள். 2019இல் அவர்களுடைய முன்னாள் பிட்சர் மைக் ஃபியர்ஸ் விஷயத்தைப் போட்டு உடைக்க, 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதம். பொது மேலாளரும் மேனேஜரும் வேலையிழந்தார்கள். தட்டியவர்களுக்கும் கேட்டு அடித்தவர்களுக்கும் தண்டனை இல்லை. கோப்பையும் அங்கேயே இருக்கிறது.

2022இல் லீக் தீர்வு கண்டது. கேட்சர் இனி விரல் காட்ட வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். 1900இல் மண்ணைத் தோண்டி அவமானப்படுத்திய அதே மின்சாரச் சங்கேதம் இப்போது சட்டப்படி பிட்சர் கட்சிக்குச் சொந்தம். மட்டையாளருக்கு ஒயரும் இல்லை, தொட்டியும் இல்லை. அடிக்காமல் விட்டால் முதல் பேஸைத் தரும் அந்த நாலு பந்துதான் பாக்கி. அதையாவது யாரும் திருடாமல் இருந்தால் சரி.