முன்வரிசை நீதியரசர்

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் நவராத்திரி மேடையாகட்டும், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கல்யாண மண்டபமாகட்டும், பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் விழாவாகட்டும், முறையாகப் பாட்டுப் படிக்காத ஒருவர் ஆசைக்கு மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் ஒரு தலை மெல்லச் சாயும். ரசிப்பதாக நினைத்துவிட வேண்டாம், தீர்ப்பு தயாராகிறது. தொடையில் தாளம் போடும் கை, பாட்டுக்கு அரை மாத்திரை முன்னாலேயே விழும். பாடகர்தான் பிந்துகிறார் என்பது பக்கத்துக் கதிரைக்குத் தெரிய வேண்டுமே! பாடியவர் மேடைப்படி இறங்குவதற்குள் நீதியரசர் அங்கே நிற்பார். "குரல் இருக்கு தம்பி. ஃபீலிங்தான் பத்தாது. இதையே டி.எம்.எஸ். எப்பிடிப் பாடியிருக்காரு!" தம்பியின் மனைவியும் மாமனாரும் அலுவலக நண்பர்களும் சூழ்ந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் இது வரும். தனியே கூப்பிட்டுச் சொன்னால் சொன்னவருக்கு என்ன லாபம்?

இவர் கருத்தில் பாட்டைப் பற்றி எதுவுமே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கேட்டவர் அடுத்த முறை எதையாவது மாற்றிப் பாட முடிந்தால்தானே அது கருத்து? 'ஃபீலிங் பத்தாது' என்பதை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி என்ன செய்வார்? தான் டி.எம்.எஸ். இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். அவருடைய அம்மாவுக்கும் தெரியும். மேடையில் உண்மையில் நடந்தது வேறு. கரோக்கே டிராக் படத்தில் வந்த அதே சுருதியில் ஓடுகிறது. டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் உச்சியில் நின்று பாடிய பாட்டுகள் அவை. பயிற்சி இல்லாத தொண்டை சரணத்தில் மேலே ஏறும்போது நரம்பு புடைக்கத்தான் செய்யும். ஒரு கட்டை இறக்கி வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். போனில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அடுத்து, சவுண்ட்காரர் பெட்டிகள் அத்தனையையும் சனத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பாடகருக்குத் தன் குரல் நேரே கேட்பதில்லை. பின்சுவரில் மோதித் தாமதமாக வரும் எதிரொலிதான் கேட்கிறது. சுருதி விலகாமல் என்ன செய்யும்? போதாததற்கு, பதற்றத்தில் மைக் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. இந்த மூன்றும் முன்வரிசையிலிருந்து பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னது ஃபீலிங்!

'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதிய கல்கி வெளுத்து வாங்கவில்லையா, விமர்சகர் சுப்புடு பெரிய வித்துவான்களையே உலுக்கவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் உலுக்கியது டிக்கெட் விற்று, சன்மானம் வாங்கிப் பாடியவர்களை. தீபாவளி லீவில் ஓசியாக ஒரு பாட்டுப் பாடிய பாடசாலை ஆசிரியருக்கு சுப்புடு எதற்கு? அப்படியானால் எல்லோரையும் போல 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடலாமா? அது இதைவிட மோசம். அப்படிச் சொல்கிறவர்கள் பாட்டைக் கேட்டதேயில்லை. சரணம் தொடங்கியபோது பாதி மண்டபம் புரியாணி வரிசையில் நின்றது. கடைசிச் சொல் வரைக்கும், இடையிசை உட்பட, கேட்டவர் நம் நீதியரசர் ஒருவர்தான். இலங்கை வானொலியும் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'ம் பழக்கிய காது அது. குறை சொல்ல முடியாது. ஆனால் பிழைத்தால் மறுபடி பாடிப் பதிவுசெய்த ஸ்டூடியோக் குரலை, மறுபடிக்கு வழியே இல்லாத மேடைக் குரலுக்கு அளவுகோலாக வைப்பதில்தான் அந்தக் காது சறுக்குகிறது.

ஆகவே பாடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோபப்படாமல், கையைக் கட்டிக்கொண்டு, "எந்த வரியில சேர்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "இல்ல தம்பி, நான் மொத்தமாத்தான் சொன்னேன்" என்று பிளேன்டீ தேடிப் போய்விடுவார். தப்பித்தவறி, "ரெண்டாவது சரணத்துல மேல போறப்ப மூச்ச நடுவுல விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டால் ஆளை விடக்கூடாது. அடுத்த விழாவில் முன்வரிசையிலிருந்து எழுப்பி, சவுண்ட்காரர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்த்திவிட வேண்டும். டிராக்கை இறக்கு, பெட்டியைத் திருப்பு என்று சொல்ல அங்கேதான் ஆள் இல்லை.