'டி' வரை போகாத படிப்பு

பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். 'ஏ' பக்கங்களில் பென்சில் அடிக்கோடு, ஓரக்குறிப்பு, டீக்கறை. 'சி'யில் கோடு தளர்கிறது. 'டி'யிலிருந்து பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கே இருக்கும். நம் ஊர் ஆங்கிலப் படிப்பின் வரலாறு அவ்வளவுதான்.

இப்போது அகராதிக்குப் பதில் வாட்ஸ்அப். காலை வணக்கம், ரோஜாப்பூ, கூடவே வாயில் நுழையாத ஒரு வார்த்தை, அதற்கு அர்த்தம். கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டால் பாடம் முடிந்தது. இப்படி வார்த்தை சேர்த்த அண்ணாச்சி, வெளிமாநில மேலாளர் இருக்கும் வங்கியில் 'எங்கே கையெழுத்துப் போடணும்?' என்பதைச் சைகையில் கேட்கிறார்.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-லேயே ஆங்கிலத்தில் பேச 850 வார்த்தை போதும் என்று பட்டியல் போட்டுவிட்டார். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் தந்த பட்டியலில் சுமார் 2,000. வா, போ, கொடு, எடு ரகம்தான் நிறைய. ஆனால் எல்லாருக்கும் தெரிந்ததைப் படித்தால் நமக்கு என்ன மரியாதை?

ஐயா, அர்த்தம் எழுதிய நோட்டை மூடுங்கள். தெரிந்த நூறு வார்த்தையில் இன்றைக்கே ரெண்டு வாக்கியம் பேசுங்கள். தப்பாகப் பேசினால் அபராதம் போட இன்னும் சட்டம் வரவில்லை.